கௌரவ பொயின்ற் கார்ட்

மொன்றியல் வெர்க்லா என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணியைத் தமிழர்கள் வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவன் ஆரம்பத்திலிருந்தே எரிச்சல் பிடித்தவன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

வெர்க்லா என்றால் விழுந்த மாத்திரத்தில் ஐஸாக உறைந்துபோகும் மழை. அந்த மழைக்குள் நடப்பவர்களைப் போலத்தான் எங்கள் அணியும் விளையாடியது. போன பருவத்தில் இருபது ஆட்டங்கள், இரண்டு வெற்றிகள். அதில் ஒன்று எதிரணியின் பஸ் நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றதால் கிடைத்தது. பழைய முதலாளி வெறுத்துப்போய் அணியை விற்றுவிட்டு ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பத்துத் தமிழ் வர்த்தகர்கள் சேர்ந்து வாங்கினார்கள். முதலாளி விட்டுப்போன சாமான்களில் பந்துகளும் பயிற்றுநரும் மட்டும்தான் இன்னும் கொஞ்சநாள் பாவிக்கலாம் என்ற நிலையில் இருந்தன. அந்தப் பயிற்றுநர் நான். பெயர் றெனோல்ட், ஊர் மட்டக்களப்பு. எங்கள் ஊரில் நடக்கப் பழகிய கையோடு பந்து தட்டப் பழகுவோம் என்று நாங்களே சொல்லிக்கொள்வது வழக்கம்.

பத்துப் பேரும் கெட்டிக்காரர்கள். வீடு விற்பவர், பலசரக்குக் கடை வைத்திருப்பவர், வருமானவரிக் கணக்குப் பார்ப்பவர் என்று ஒவ்வொருவரும் தன் தொழிலில் கொடிகட்டிப் பறப்பவர். அணியை வாங்கிக் கையெழுத்து வைத்தவுடன் ஒரு கொம்பனி நடத்துவார்கள் என்று நினைத்தேன். இல்லை, சங்கம் நடத்தினார்கள். தமிழர் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து செய்கிற காரியத்துக்கு அவர்களிடம் வேறு வடிவம் இல்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலேயுள்ள மண்டபத்தில் முதற்கூட்டம் நடந்தது. கீழேயிருந்து கருவாட்டு மணம் வந்துகொண்டிருந்தது. அகவணக்கம் செலுத்தினோம். பிறகு போன கூட்டத்தின் அறிக்கை. இதுவே முதற்கூட்டம் என்பதால் போன கூட்டம் நடக்கவில்லை என்று ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது. ஒருவர் அதைப் பிரேரிக்க இன்னொருவர் ஆமோதித்தார். மூன்றாமவர் ஒரு திருத்தம் சொன்னார்.

தலைவர் மகேந்திரராசா, வீடு விற்பவர். செயலாளர் அரியரத்தினம், வருமானவரிக்காரர். இருவரும் ஒருவரையொருவர் "நண்பர்" என்றுதான் மேடையில் அழைப்பார்கள், மேடைக்குக் கீழே பெயர் சொல்லக்கூட மாட்டார்கள். இருவருக்கும் பொதுவாக நடுநாற்காலியில் போஷகர் கதிர்காமத்தம்பி ஐயா. வயது எழுபத்தெட்டு. மொன்றியலில் எந்தத் தமிழ்ச் சங்கம் தொடங்கினாலும் முதலில் ஒரு நாற்காலி வாங்குவார்கள், அடுத்ததாக ஐயாவைப் போஷகராக்கி அதில் இருத்துவார்கள்.

ஏழாவது விடயம், அணியின் மீள்கட்டுமானம். என்னைப் பேசச் சொன்னார்கள்.

"எங்களுக்கு முதல்ல வேணும் ஒரு நல்ல பொயின்ற் கார்ட்," என்றேன்.

"அது என்ன பதவி?" என்று கேட்டார் தலைவர்.

"பதவி இல்ல அண்ணன், விளையாடுற இடம். பந்தைத் தட்டிக்கொண்டு மேல போறவர். ஆருக்கு எப்ப குடுக்கிறது எண்டு அவர்தான் முடிவெடுப்பார். மைதானத்துக்குள்ள அவர்தான் தலைவர்."

அதுவரை கண்மூடியிருந்த இரண்டு பேர் விழித்துக்கொண்டார்கள். தலைவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

"தலைவரை ஒரு கோச் தெரிவுசெய்யேலாது," என்றார். "யாப்பிலை அதுக்கு இடமில்லை."

யாப்பு என்பது சங்கத்தின் சட்டப் புத்தகம். அரியரத்தினம் தன் ஊர் அபிவிருத்திச் சங்கத்தின் யாப்பை எடுத்து, ஊரின் பெயர் வந்த இடமெல்லாம் "அணி" என்று மாற்றித் தயாரித்தது. ஊரிலுள்ள பொதுக் கிணறுகளை இறைத்துத் துப்புரவாக வைத்திருப்பது அணியின் நான்காவது நோக்கமாக இன்றைக்கும் இருக்கிறது.

அன்றைய கூட்டம் முடியுமுன் விடயம் என் கையை விட்டுப் போய்விட்டது. ஆடுகளத்தில் ஐந்து பேர் இறங்குகிறார்கள். சங்கத்திலும் முக்கிய பதவிகள் ஐந்து. இது தற்செயல் அல்ல என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார். பொயின்ற் கார்ட் தலைவர். அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் செயலாளர். கூடையடியில் நிற்கும் ஆகப் பெரிய உருவம் பொருளாளர், அவர் பந்தைத் தூக்கிப் பிடித்தால் ஒருவரும் எட்டிப் பறிக்க முடியாது. மற்ற இருவரும் உபதலைவர், உபசெயலாளர். மாற்றாட்டக்காரராக ஓரத்து வாங்கில் இருப்பவர்கள் நிர்வாக சபை உறுப்பினர்கள், அவர்களுக்கு வேலை இல்லை. இதில் ஒன்று மட்டும் உண்மைக்குக் கிட்ட இருந்தது, அது வாங்கைப் பற்றியது.

எனக்குப் பொயின்ற் கார்ட் ஏற்கெனவே இருந்தான். அதைச் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும்.

மதிசுதனுக்கு இருபத்துநான்கு வயது. கார்ட்டியர்வில்லில் தாய் அருளம்மாவோடு இருக்கிறான். அவர்களும் மட்டக்களப்பு. நான் பார்த்த பெடியன்களில் தலை நிமிர்த்திப் பந்து தட்டுகிறவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், இவன் ஆட்களைப் பார்ப்பான். போர்த்துக்கலில் ஒரு வருடம் தொழில்முறையாக விளையாடினான். அங்கே அவனை விடமாட்டோம் என்றார்கள். ஆனால் அருளம்மாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

எங்கள் லீக்கில் ஒரு விதி உண்டு. பருவத்தின் முதலாவது ஆட்டத்தில் இறங்கும் ஐந்து பேருக்கும் பருவம் முழுவதற்கும் ஒப்பந்தம். மற்றவர்களுக்கு வாரத்துக்கு வாரம், எந்தத் திங்கட்கிழமையும் வீட்டுக்கு அனுப்பலாம். கியூபெக் நகர அணி மதிசுதனைத் தொடக்க ஆட்டக்காரனாக எடுக்கத் தயாராக இருந்தது. அது மூன்று மணித்தியாலப் பயணம்.

"கோச், இஞ்ச கிடைச்சா எனக்கு வேற ஒண்டும் வேணாம்," என்றான் மதிசுதன். "அம்மாவ விட்டுட்டுப் போக ஏலா."

"உனக்கில்லாம ஆருக்குடா?" என்றேன். அப்போது எனக்கு ஒரு விடயம் தெரியாது. தொடக்க ஐவரின் பட்டியலில் கழகத்தின் சார்பில் கையெழுத்து வைக்கிற அதிகாரம் செயலாளருக்கு மட்டுமே இருந்தது.

பொயின்ற் கார்ட் தெரிவு உபகுழு நேர்முகத் தேர்வு நடத்தியது. பந்து கொண்டுவரத் தேவையில்லை என்று அறிவித்திருந்தார்கள். நானும் ஒரு மூலையில் இருக்க அனுமதிக்கப்பட்டேன், கருத்துச் சொல்ல அல்ல.

முதலில் வில்னர். ஹெயிட்டிக்காரன், தூரத்திலிருந்து எறிந்தால் பந்து கூடைக்குள் போய்த்தான் நிற்கும். போஷகர் ஐயா உள்ளே வரும்போது எழுந்து நின்றான். அந்த ஒரு காரியத்துக்காக அவனை உடனே செயலாளர் இடத்துக்குத் தெரிவுசெய்தார்கள். அது சரியான முடிவு. சரியான காரணம் அல்ல.

அடுத்தது நிஷான். தலைவருடைய மனைவியின் தமக்கை மகன், பியர்ஃபொன்ட்ஸ் பகுதியில் வளர்ந்த பிள்ளை, ஆறடி எட்டங்குலம். அவனைக் கூடையடிக்கென்று நான்தான் எடுத்திருந்தேன். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது.

"சித்தப்பா, நான் சென்ரர்," என்றான் வெட்கத்தோடு. "எனக்குப் பந்து தட்டிக்கொண்டு ஓட வராது."

"பதவிக்கு வந்தால் எல்லாம் வரும்," என்றார் தலைவர். "நான் தலைவரா வரேக்கை எனக்கென்ன தெரியும்?"

அதை ஒருவரும் மறுக்கவில்லை.

செயலாளரின் ஆள் வசீகரன். அவருடைய மைத்துனர், ஆயுள் காப்புறுதி விற்பவர், வயது நாற்பத்தொன்று. பாடசாலை அணியில் தலைவராக இருந்த படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இரண்டு முழங்காலும் சத்திரசிகிச்சை செய்தவை. போகும்போது உபகுழுவில் இரண்டு பேருக்குக் காப்புறுதி விற்றுவிட்டுப் போனார்.

கடைசியாக மதிசுதன்.

"தம்பி எந்த இடம்?" என்று தலைவர் கேட்டார்.

"கார்ட்டியர்வில்."

"அது இருக்கிற இடம். சொந்த இடம்?"

"நான் இஞ்ச பிறந்தனான். அம்மா மட்டக்களப்பு."

உபகுழுவினர் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவனைப் பார்த்தார்கள், பிறகு தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். சதி வெளிப்பட்டுவிட்டது.

"முந்தி ஏதும் பொறுப்பு வகிச்சிருக்கிறீரோ?" என்று அரியரத்தினம் கேட்டார்.

"போர்த்துக்கல்ல கப்டனா இருந்தனான்."

"அது வெளிநாடு. நாங்கள் கேக்கிறது இஞ்ச."

"இஞ்ச... இல்ல."

"சங்கத்திலை அங்கத்தவரோ?"

"எந்தச் சங்கம்?"

அத்துடன் முடிந்தது. தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர் இரண்டு வருடம் தொடர்ச்சியாக அங்கத்தவராக இருந்திருக்க வேண்டும் என்று யாப்பு சொல்கிறது. சங்கம் தொடங்கி ஆறு வாரம் என்று நான் மூலையிலிருந்து சொன்னேன். அந்த விதி மற்ற இருவருக்கும் தளர்த்தப்பட்டிருப்பதாகவும், எல்லாருக்கும் தளர்த்தினால் பிறகு அது விதியே அல்ல என்றும் அரியரத்தினம் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

விளையாடுவதைக் கண்ணால் பார்த்தால் மனம் மாறுவார்கள் என்று நம்பினேன். பயிற்சிக்கு அழைத்தேன். நிர்வாகம் முழுவதும் குடும்பத்தோடு வந்தது. மரப்படி இருக்கைகளில் இருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. மடக்கு நாற்காலிகளை ஆடுகளத்துக்குள்ளேயே ஒரு கூடைக்குக் கீழே வரிசையாகப் போட்டு, முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேசை வைத்து, றோல்ஸும் தேத்தண்ணியும் பரிமாறிக்கொண்டு இருந்தார்கள். மிஞ்சியிருந்த பாதி ஆடுகளத்தில் நாங்கள் விளையாடினோம். அன்று மதிசுதன் ஆடியது என் கண்ணுக்குள் இன்னும் நிற்கிறது. வில்னர் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் பந்தை அனுப்பினான், அது வில்னரின் கைக்குள் போய் இருந்தது. நிஷான் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நான் பெருமையோடு மேசைப் பக்கம் திரும்பினேன். எல்லாரும் குழுப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி.

"நல்ல விளையாட்டு," என்றார் தலைவர் போகும்போது. "ஆனால் அந்தப் பெடியன் பந்தை எல்லாருக்கும் குடுத்துக்கொண்டே இருக்கிறான். தலைவர் எண்டால் தன்ரை கையிலை வைச்சிருக்க வேணும்."

பொதுச்சபைக் கூட்டம் கூடியது. நிஷானுக்கு ஒரு கட்சி, வசீகரனுக்கு ஒரு கட்சி. நிஷான் கூட்டத்துக்கு வரவில்லை, அவனுக்குப் பரீட்சை. அவன் வராதது தலைமைப் பண்பு என்று ஒரு பகுதியும் பொறுப்பின்மை என்று மறுபகுதியும் வாதாடின. யாரோ யாரையோ முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு விளையாட்டு விழாவைச் சொல்லித் திட்டினார். மண்டபத்தின் நடுவே கோடு கிழித்தாற்போல் பிரிந்து நின்றார்கள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இரண்டு பேரும் அடிபட்டால் மூன்றாமவனுக்கு இடம் வரும் என்று ஒரு சின்ன நம்பிக்கை.

மூன்றாமவனுக்கு இடம் வரத்தான் செய்தது.

"சமூகம் பிளவுபடக்கூடாது," என்று எழுந்தார் பலசரக்குக் கடைக்காரர். "பொதுவான ஒரு ஆளைப் போடுவம். போஷகர் ஐயாவின்ரை பேரைப் பிரேரிக்கிறன்."

இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் ஆமோதித்தன. ஏகமனதாக, கரகோஷத்துக்கு மத்தியில், மொன்றியல் வெர்க்லாவின் தொடக்கப் பொயின்ற் கார்டாகக் கதிர்காமத்தம்பி ஐயா தெரிவானார்.

நான் எழுந்து நின்றேன். "ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது," என்றேன்.

"அனுபவம்," என்றார் தலைவர்.

"இது பாஸ்கற்போல்."

"அதைத்தானே நாங்களும் சொல்லுறம், கோச். மீள்கட்டுமான காலம். அனுபவம் இல்லாமல் எதையும் கட்டேலாது."

ஐயா ஏற்புரை நிகழ்த்தினார். "நான் பதவிக்கு ஆசைப்பட்டவன் அல்ல. முப்பத்தைந்து வருடமாக ஆசைப்படாமல்தான் பதவிகளில் இருந்துவருகிறேன். இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்பதே என் கொள்கை. அந்தக் கொள்கையை எடுத்துச்சொல்ல எனக்கு இந்தப் பதவி ஒரு வாய்ப்பு."

எனக்கு ஒரே ஒரு துரும்புச் சீட்டுத்தான் மிச்சம் இருந்தது. ரொறன்ரோவிலுள்ள லீக் அலுவலகம் இதை ஒத்துக்கொள்ளாது. பட்டியல் அனுப்பப்பட்டதும் நான் தனியாக ஒரு மின்னஞ்சலும் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. ஆட்டக்காரருக்கு வயதெல்லை எதுவும் விதிகளில் இல்லை, தலைமுறைகளை இணைக்கும் இந்த முன்மாதிரிக்காக லீக் பெருமைப்படுகிறது, ஐயாவின் படமொன்றை உயர்ந்த தரத்தில் அனுப்பிவைக்கவும்.

கடைசியில் ஐயாவின் வீட்டுக்கே போனேன். நல்ல மனுஷன், தேத்தண்ணி தந்தார். மதிசுதனைப் பற்றிச் சொன்னேன், தாயைப் பற்றியும் சொன்னேன். உண்மையாகவே கவலைப்பட்டார். கண்கூடக் கலங்கியது.

"பாவம் பிள்ளை," என்றார். "எனக்கு விட்டுக்குடுக்கிறதிலை ஒரு பிரச்சினையும் இல்லை, தம்பி. ஆனால் நான் விட்டால் மகேந்திரராசாவின்ரை ஆள் வந்திடுவான்."

"அப்ப மதிசுதன எப்ப விடுவீங்க?"

"அடுத்த பொதுச்சபை வரட்டும்."

முதலாவது ஆட்டம் நவம்பரில், ஒரு கல்லூரி உள்ளரங்கில். மங்கல விளக்கை எட்டுப் பேர் ஏற்றினார்கள், தீயெச்சரிக்கை மணி அடித்தது, எல்லாரும் வெளியே போய் நின்றுவிட்டு உள்ளே வந்தோம். கனேடிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, வரவேற்பு நடனம், தலைமையுரை. சிறப்பு மலர் வெளியிட்டார்கள். அதில் நிர்வாகத்தினர் படங்கள் முழுப்பக்கத்தில் இருந்தன, இடப்பற்றாக்குறையால் ஆட்டக்காரர்களின் படங்கள் மட்டும் விடுபட்டிருந்தன. எதிரணி ஒட்டாவாவிலிருந்து வந்தது. அவர்கள் முதலில் கைதட்டினார்கள், பிறகு தரையில் இருந்தார்கள், பிறகு சிலர் படுத்தார்கள்.

ஐயா இறங்கினார். கம்பளிச் சுவெற்றருக்கு மேலே ஒன்றாம் இலக்க மேலங்கி, கறுப்புக் காற்சட்டை. நிஷான் எகிறித் தட்டிய பந்தை வில்னர் பிடித்து, மரியாதையாக நடந்துபோய் ஐயாவின் கையில் கொடுத்தான். ஐயா அதை இரண்டு கையாலும் தாம்பாளம் வாங்குவது போல வாங்கிக்கொண்டு படப்பிடிப்பாளர் பக்கம் திரும்பினார். பந்தை எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். ஒட்டாவாக்காரர்கள் பறிக்கவில்லை, அவர்களுக்கும் தாத்தாமார் இருப்பார்கள். எட்டு விநாடி போனது. நடுவர் விசில் ஊதினார். தனக்குத்தான் ஊதுகிறார் என்று நினைத்து ஐயா சபையைப் பார்த்துக் கும்பிட்டார். அரங்கு எழுந்து நின்று கைதட்டியது.

அதன்பிறகு ஐயா இளைப்பாறினார். நிஷான் பதில் பொயின்ற் கார்டாகக் கடமையாற்றினான். பந்து அவன் காலில் பட்டு உருண்ட தடவைகளை நான் எண்ணவில்லை. நாற்பத்தொரு புள்ளியால் தோற்றோம். செய்தி அறிக்கையில் அது வரலாற்று நிகழ்வு என்று குறிப்பிடப்பட்டிருந்தது, புள்ளிகள் குறிப்பிடப்படவில்லை.

பருவம் முழுவதற்குமான ஐந்தாவது ஒப்பந்தம் ஐயாவுக்குப் போய்விட்டது. மதிசுதன் ஆட்டம் முடியும்வரை வாங்கில் இருந்தான். நான் அவனை இறக்க நான்கு முறை கேட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிர்வாகத்தின் அங்கீகாரம் தேவை, நிர்வாகமோ பிரதம விருந்தினரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

உடைமாற்றும் அறையில் அவன் சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தான்.

"கியூபெக்காரனுக்கு நாளைக்குப் பதில் சொல்லணும் கோச், அவங்கட முதல் ஆட்டம் வாற கிழமைதான்," என்றான். "வாரத்துக்கு வாரம் எண்டா எனக்குச் சரிவராது. அம்மாட மருந்துக்கும் வாடகைக்கும் நான்தான்."

"போ மகன்."

"அம்மாவ ஆர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது?"

"செவ்வாய்க்கிழமை நான் கூட்டிப்போறன். மற்ற ரெண்டு நாளுக்கும் ஆராவது கிடைப்பாங்க."

அவன் தலையை ஆட்டினான். எனக்கு அன்று வந்த கோபம் போல வாழ்க்கையில் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் கோபத்தை எந்த விடயத்தின் கீழ் எடுப்பது என்று கூட்ட நிகழ்ச்சிநிரலில் இடம் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அருளம்மாவைக் கூட்டிப்போனேன். காருக்குள் ஏறியதும் கைப்பேசியில் மகனின் ஆட்டத்தைப் போடச் சொல்லுவாள். அவளுக்கு விளையாட்டு விளங்காது. "மெலிஞ்சிட்டான் என்ன?" என்று மட்டும் கேட்பாள்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் கியூபெக் அணி எங்களோடு விளையாட வந்தது. அன்று வெர்க்லா எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து அரை மணித்தியாலத்தில் பஸ் கிளம்பிவிடும், தெரு உறையுமுன் போய்ச்சேர வேண்டும் என்று அவர்களின் முகாமையாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். அந்த அரை மணித்தியாலத்துக்காக அருளம்மா வந்திருந்தாள். முதல்நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது, நிற்கவே தெம்பு இல்லை. மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி, புட்டும் இறால் சொதியும். கீழ்வரிசைகள் எல்லாம் பிரமுகர்களின் பெயர் ஒட்டி வெறுமையாகக் கிடந்தன. அவற்றில் ஒன்றில் அவளை இருத்தினேன். தொண்டர் ஒருவர் வந்து பணிவாக எழுப்பி மேல்வரிசைக்கு ஏற்றிவிட்டார்.

மதிசுதன் எங்களைப் பிரித்து மேய்ந்தான். முப்பத்துநான்கு புள்ளி அவனே போட்டான், மற்றவர்களைப் போடவைத்ததற்குக் கணக்கில்லை. எதிரணிப் பயிற்றுநர் நான், ஆனால் ஒவ்வொரு தடவையும் என் கை தட்டத்தான் போனது. எங்கள் சனம் முதலில் அமைதியாக இருந்தது. பிறகு ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார், "உது தமிழ்ப் பெடியன் எல்லோ?" செய்தி வரிசை வரிசையாக ஓடியது. கடைசிப் பத்து நிமிடமும் அரங்கு முழுவதும் எங்களைத் தோற்கடிப்பவனுக்காகக் கத்தியது.

ஆட்டம் முடிந்து அவன் மேல்வரிசையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே படிகளை நோக்கி நடந்தான். பாதி வழியில் தலைவர் அவன் தோளைப் பிடித்துவிட்டார். மறுகையில் ஒலிவாங்கி இருந்தது.

"ஒரு நிமிஷம் தம்பி. சின்ன ஒரு கௌரவிப்பு."

பொன்னாடை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் நிர்வாகத்தின் எல்லாக் கார்களிலும் ஒன்று கிடக்கும்.

"இந்தப் பிள்ளை ஆர்?" என்று தலைவர் சபையைக் கேட்டார். "எங்கட பிள்ளை. சொந்த இடத்தை விட்டு, நோயாளியான பெத்த தாயை விட்டு, இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு அங்காலை போய், தனிய நிண்டு சாதிச்ச பிள்ளை. இப்பிடியான பிள்ளையளை வெளியிலை அனுப்பி வைச்சது ஆர்? இந்த நிர்வாகம்!"

கரகோஷம். பொன்னாடையைத் தலைவர் போர்த்தினார். அது தலைவரின் தனியுரிமை அல்ல என்று அரியரத்தினம் அதைக் கழற்றி மறுபடி போர்த்தினார். ஐயா ஆசியுரை வழங்கினார், தானும் ஒரு பொயின்ற் கார்ட் என்ற முறையில் சில நுணுக்கங்களைச் சொன்னார். மதிசுதனைக் கௌரவ அங்கத்தவராக்கும் பிரேரணை நிறைவேறியது. இன்றிலிருந்து இரண்டு வருடம் கழித்து அவன் தலைவர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். பணம் தந்த அனுசரணையாளர்களோடு படம். அனுசரணையாளர்களின் பிள்ளைகளோடு படம். அவன் கழுத்தை நீட்டி மேலே பார்த்துக்கொண்டே நின்றான். வாசலில் கியூபெக் முகாமையாளர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். நான் இடையில் புகுந்து, "அவனை விடுங்க, தாய் காத்துக்கொண்டிருக்கா," என்றேன்.

"தாய் வந்திருக்கிறாவோ?" என்று தலைவர் துள்ளினார். "அந்தத் தாயையும் மேடைக்கு அழைப்பம்!"

அருளம்மா படிப்படியாக இறங்கத் தொடங்கினாள், ஒரு கையில் கம்பி, மறுகையில் பெட்டி. நான் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு கையைப் பிடித்தேன். பாதி இறங்கியதும் மூச்சு வாங்க நின்றாள். அதற்குள் முகாமையாளர் உள்ளே வந்து மதிசுதனின் கையைப் பிடித்துவிட்டார். பஸ்ஸில் எல்லாரும் ஏறியாயிற்று, தெருவில் ஐஸ் விழத் தொடங்கிவிட்டது, இனி ஒரு நிமிடமும் இல்லை. அவன் எங்கள் பக்கம் இரண்டடி வைத்தான். நடுவில் படமெடுக்க நின்ற கூட்டம் விலகவில்லை. "அம்மா!" என்று ஒரு தடவை கூப்பிட்டது கேட்டது. பிறகு பொன்னாடையின் சரிகை மட்டும் வாசலில் மினுங்கி மறைந்தது.

அருளம்மா கீழே வந்து சேர்ந்தபோது மாலையோடு தலைவர் நின்றார். அரியரத்தினம் ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்தார்.

"அம்மா, ரெண்டு வார்த்தை."

அவள் அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மகன் போயிட்டானா?" அவள் குரல் அரங்கின் மூலை மூலையாகக் கேட்டது. "ஆராவது அந்த பஸ்ஸக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க. நான் அவன்ட முகத்த இன்னும் கிட்டப் பாக்கல்ல."

சபை எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அரியரத்தினம் ஒலிவாங்கியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினார்.

"இரத்தினச் சுருக்கமாக உரையாற்றிய அன்னைக்கு எமது நன்றிகள்," என்றார்.

நான் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே ஓடினேன். பஸ் வெளிக்கிட்டுவிட்டது. உள்ளே கைதட்டல் இன்னும் ஓயவில்லை.